ஜப்பான் நடவு

எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு கட்சி. மகன் சிங்கப்பூர்க் கட்சி, மகள் சென்னைக் கட்சி. கையைக் கடிக்காமல், வாய்க்கும் விளங்கும்படி சுஷி எங்கே கிடைக்கும் என்பதுதான் வழக்கு. தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "அரிசி தெரிஞ்ச மனுஷன் நீங்கதானேப்பா" என்று மகள் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொரடாச்சேரிப் பக்கம் பிறந்து குறுவை, சம்பா, தாளடி என்று நாள் எண்ணி வளர்ந்தவன், ஆறிய சோற்றை வினிகரில் புரட்டி மேலே மீன் வில்லை வைத்துத் தருகிறவர்களுக்கு மார்க் போட வேண்டிய காலம் வந்திருக்கிறது. போடுகிறேன். ஆனால் ஜப்பானுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய வரவு செலவு உண்டு. முதலில் அதைத் தீர்த்துவிட வேண்டும்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் சென்னைக்கு வந்துவிடுவான் என்று ஒரே புரளி. அவசியமில்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கான பேர் கிளம்பினார்கள். எங்கள் பாட்டி சொல்வாள்: தூரத்து உறவு, அதற்கும் தூரத்து உறவு என்று ஒரு கூட்டம் டிரங்குப் பெட்டியோடு வந்து திண்ணையை நிரப்பியதாம். ஜப்பான்காரன் வரவில்லை. வந்தவர்களும் சீக்கிரத்தில் போகவில்லை. குதிரில் நெல் இறங்கியதுதான் மிச்சம். ஜப்பான் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டில் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. யாருக்கும் பில் போடவில்லை.

அடுத்து ஜப்பான் எங்கள் ஊருக்குக் கயிறாக வந்தது. 1953-ல் 'ஜப்பான் முறை நெல் சாகுபடி' என்று நாடு முழுக்க ஒரு இயக்கம் தொடங்கினார்கள். மேட்டுப் பாத்தியில் நாற்று விட வேண்டும், விதையைக் குறைக்க வேண்டும், நாற்றை வரிசையில் நட வேண்டும், வரிசைக்கு நடுவே பல் வைத்த இரும்பு உருளையைத் தள்ளிக் களை எடுக்க வேண்டும். நான் நினைவு தெரிந்து பார்த்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கிராம சேவக் சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு சுருள் கயிறு. சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு, முடிச்சில் சிவப்புத் துணிக் கிழிசல். இந்த வரப்பில் ஒருவர், அந்த வரப்பில் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, பெண்கள் துணி கண்ட இடத்தில் நாற்றைச் செருகிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள், கயிறு அடுத்த வரிசைக்கு நகரும் வரை. நடவுப் பாட்டு நின்றுபோனது அந்த இடத்தில்தான். கை ஓடுகிற வேகத்துக்குப் பாட்டு ஓடும். கயிறு நகர்கிற வேகத்துக்கு ஓடுமா? வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "பயிருக்கு எதுக்குடா இஸ்கூல் பிள்ளைங்க மாதிரி லைனு?" என்றார். கிராம சேவக் சிரித்தார். நடவுக்கூலி கூடியது. அடுத்த வருடம் கயிறு எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கன்று கட்டப் போய்விட்டது.

பெரியப்பா உயிரோடு இருந்தால் இன்றைக்கு அவரைக் கைத்தாங்கலாக அதே வரப்புக்கு அழைத்துப் போவேன். டிரேயில் வளர்த்த பாய் நாற்றங்கால், அதை முதுகில் சுமந்துகொண்டு சேற்றில் நடக்கும் யான்மார் மெஷின், நூல் பிடித்தாற்போல் வரிசை. அறுவடைக்குக் குபோட்டா. மழையில் வயல் சதசதவென்று இருந்தால் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டி வேண்டும் என்று தெருவே அலையும். அதற்கு மணிக்கணக்கில் வாடகை. சீசனில் டிரைவருக்கு மாப்பிள்ளை மரியாதை. கயிறாக வந்தபோது இலவசம் என்பதால் வேண்டாம் என்றோம். இரும்பாக வந்தபோது கடன் வாங்கிக் கூப்பிடுகிறோம்.

கயிறு போனாலும் விதை தங்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களே நம்ப மறுக்கும் இடம் இதுதான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நெல் வந்தது, ஏ.டி.டி. 27. தஞ்சாவூர் ஜில்லா அப்போது 'பாக்கேஜ் திட்ட' ஜில்லா. உரம், கடன், விதை எல்லாம் ஒரே கையில் கொடுத்து விளைச்சலைக் கூட்டும் திட்டம். 1965, 66 வாக்கில் குறுவை வயல்களெல்லாம் ஏ.டி.டி. 27. அதன் ஜாதகத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் நம்மூர் ஜி.இ.பி. 24, அதாவது கிச்சிலிச் சம்பா. மறுபக்கம் நோரின் 10 என்ற ஜப்பான் நெல். ஐம்பதுகளில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உலக உணவு, விவசாய நிறுவனத்தின் துணையோடு ஒரு பெரிய கலப்புத் திட்டம் நடந்தது. ஜப்பான் வகை நெல் உரத்தை எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொண்டு சாயாமல் நிற்கும். நம் வகை சாய்ந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆசியா முழுக்கக் கலியாணம் செய்துவைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கலியாணம், உருப்பட்ட பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான். அதில் ஒன்று எங்கள் ஆடுதுறைப் பிள்ளை.

பிள்ளை நன்றாக விளைந்தான். குணம் கொஞ்சம் முன்னே பின்னே. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைவிட்டு நிற்பான். சோறும் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. "சோறா வடிச்சேன், களியால்ல வந்திருக்கு" என்று பாட்டி கரண்டியைத் தட்டிக் காண்பித்தது எனக்கு நினைவிருக்கிறது. அது ஆளுக்குக் கூலியாகக் கொடுக்கும் நெல்லானது. வீட்டுக்குச் சம்பா தனியாக வந்தது. ஒட்டுகிற சோற்றை இரண்டாம் தரம் என்று ஒதுக்கிய அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான், ஒட்டுகிற சோற்றுக்குத் துண்டு கணக்கில் காசு கொடுத்துவிட்டு எந்தக் கடையில் நன்றாக ஒட்டுகிறது என்று சண்டை போடுகிறார்கள்.

சரி, பொன்னி? பொன்னியையாவது விட்டுவையுங்கள் என்பார் எங்கள் தெருத் தமிழய்யா. விட முடியவில்லை. அதே கலப்புத் திட்டத்தில் மலேசியாவில் 1965-ல் வெளிவந்தது மசூரி. அதன் ஒரு பெற்றோர் தைச்சுங் 65. ஜப்பான் ஆட்சியில் இருந்த தைவானில் உருவாக்கிய ஜப்பான் வகை. அந்த மசூரிதான் தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னியானது. 1986-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைத் திருத்தி வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டது. கல்யாணப் பந்தியில் 'பொன்னிச் சோறு போட்டான்' என்று பெருமை பேசுகிறோமே, அந்த இலையில் ஜப்பான் பாட்டன் ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொன்னதும் தமிழய்யா சுசுமு ஓனோவை இழுத்தார். தமிழும் ஜப்பான் மொழியும் உறவு, நெல் சாகுபடியும் அதைச் சார்ந்த சொற்களும் இங்கிருந்து அங்கே போயின என்று எழுதிய ஜப்பான் அறிஞர். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள்; நம் பொங்கலையும் அவர்களுடைய சிறு புத்தாண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஒப்பவில்லை. தமிழய்யாவுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. "சுஷியா? நாம குடுத்த சோத்த நமக்கே விக்கிறான்" என்று முடித்துவிட்டார்.

இனி வழக்கு.

சிங்கப்பூர்க் கட்சியின் சாட்சியங்கள் பலமானவை. மகன் அங்கே கட்டட வேலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். கடல் கடந்து சம்பாதிக்கும் கூத்தாநல்லூர் சபுராளிகள் போல் அவனும் டாலர் என்று சொல்வதில்லை, வெள்ளிதான். அவன் அழைத்துப் போனது பெல்ட்டில் தட்டு வரும் கடை. இந்தப் பெல்ட் 1958-ல் ஒசாகா பக்கத்தில் யோஷியாக்கி ஷிராயிஷி என்ற கடைக்காரர் கண்டுபிடித்தது. கூட்டம் அதிகம், ஆள் பற்றாக்குறை. பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் போவதைப் பார்த்துச் சோற்றையும் ஏற்றிவிட்டார். பணக்காரர் சாப்பாடாக ஆகிக்கொண்டிருந்த சுஷியைக் கூலிக்காரர் கைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது அந்தப் பெல்ட்தான். சிங்கப்பூரில் சக்காயே சுஷி என்ற உள்ளூர்க் கம்பெனி 1997-ல் தொடங்கி இதைப் பரப்பியது; பிறகு ஜப்பான் சங்கிலிக் கடைகளே வந்துவிட்டன. தட்டு நிறத்தைப் பார்த்து விலை. அடிமட்டத் தட்டு ஒன்றரை, இரண்டு வெள்ளிக்கே கிடைத்த கடைகள் உண்டு. நம் பணத்தில் நூறு, நூற்று முப்பது ரூபாய். சிங்கப்பூர்ச் சம்பளத்தில் அது டீக்காசு.

எனக்கு அங்கே பிடித்தது சுற்றுவதுதான். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் தெப்பம் வருவது போல் தட்டு நிதானமாக வளைந்து வருகிறது. ஆனால் தெப்பத்துக்கு மூன்று சுற்று. அந்த நியாயத்தை இங்கேயும் வைத்துக்கொண்டேன். மூன்றாம் சுற்றுக்கு மேல் என் முன்னால் வந்த தட்டை நான் தொடுவதில்லை. மகன் வேண்டியதைத் திரையில் தட்டி வரவழைத்தான். வந்ததை விரலால் எடுத்தேன். சோறு கை வெதுவெதுப்பில் இருந்தது. கையில் எடுக்கும்போது உதிரவில்லை, வாயில் வைத்ததும் பிரிந்துவிட்டது. மேலே ஆரஞ்சு நிறத்தில் சால்மன். அதுவும் ஜப்பான் பரம்பரை வழக்கமில்லை. எண்பதுகளில் நார்வேக்காரர்கள் தங்கள் மீனை விற்க அலைந்து ஜப்பான்காரனுக்கே பழக்கிவைத்தது. பச்சைக் களிம்பு வசாபி என்று பெயர். மலிவுக் கடைகளில் பெரும்பாலும் குதிரை முள்ளங்கியில் நிறம் சேர்த்தது. மூக்கில் ஏறும் காரம் என்னவோ அதேதான். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சோறு பதம்" என்றேன். அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் பக்கம் கிடையாது.

சென்னைக் கட்சி இரண்டாக உடைந்தது. ஒன்று, ஜப்பான்காரர்களுக்காக நடக்கும் கடைகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பான் தொழிற்சாலைகள் வர வர, அவர்களுடைய எஞ்சினியர்களுக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டியிருந்தது. ஒரகடத்தில் நிசான் ஆலை 2010-ல் வந்தது. அதற்கு முன்பே நுங்கம்பாக்கத்தில் டாலியா என்ற கடை உண்டு. இருக்கும் கட்டடத்தின் பெயர் காவேரி காம்ப்ளெக்ஸ். தண்ணீர் திறப்பதற்கு மேட்டூரைப் பார்த்துக் காத்திருக்கும் ஆளுக்குக் காவேரி என்ற போர்டைப் பார்த்தால் ஒரு தெம்பு. இந்த மாதிரிக் கடைகளில் சுஷி மலிவு இல்லை. மலிவு வேண்டுமானால் மத்தியானச் செட் சாப்பாட்டைக் கேட்க வேண்டும்: கிண்ணத்தில் சுடச்சுடச் சோறு, சோயா விழுது கரைத்த சூப், ஊறுகாய் இரண்டு துண்டு, உப்புத் தடவிச் சுட்ட மீன். நாகப்பட்டினத்தில் காணாங்கெளுத்தி வாங்கி அடுப்பில் வாட்டினால் என்ன வாசனை வருமோ அதற்கு அண்ணன் தம்பி. மகள் சுஷி தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் முள்ளை மட்டும் மிச்சம் வைத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் பக்கத்து மேசை ஜப்பான்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று மகளுக்குக் கவலை. அவர் என்னைவிடச் சத்தமாக நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மற்றொன்று, மாலில் இருப்பதும் டெலிவரிப் பையன் கொண்டுவருவதும். கடைப் பெயர் வேண்டாம். கண்ணுக்கு அழகான டப்பா, உள்ளே எட்டுத் துண்டு. பனீர் வைத்தது, மயோனைஸ் ஊற்றியது, ஒன்றில் மிளகாய்ச் சட்னி போல் ஏதோ. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இட்லியை மஞ்சூரியன் செய்தவர்கள் நாம், அவர்கள் சோற்றை மட்டும் விட்டுவைப்போமா? ஆட்சேபம் சோற்றில். ஃபிரிட்ஜில் இருந்து நேரே வந்திருந்தது. ஆறிய சோற்றைக் குளிரில் வைத்தால் விறைத்துப் பச்சரிசிக் கணக்காகிவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடியது சும்மாவா? காலையில் பருக்கை மெத்தென்று இருக்கும், லேசாகப் புளித்தும் இருக்கும். அதோடு தணலில் சுட்ட நாகூர்ப் பக்கத்துக் கருவாடு.

புளித்த சோறும் மீனும். யோசித்துப் பார்த்தால் சுஷியின் பூர்வீகமே அதுதான். மீனை உப்புப் போட்டுச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். மேகாங் ஆற்றுப் பக்கத்து நெல் நாடுகளில் தொடங்கிய பழக்கமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஜப்பானில் பிவா ஏரிப் பக்கம் இன்றைக்கும் அப்படிச் செய்கிறார்கள். மீனைத் தின்றுவிட்டுச் சோற்றைத் தூக்கி எறிவது பழைய வழக்கம். எங்கள் பாட்டி காதில் இது விழுந்திருந்தால் அந்த நாட்டோடு பேச்சுவார்த்தையே வைத்திருக்க மாட்டாள். மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லாத எடோ பட்டணத்துக்காரர்கள் (இன்றைய டோக்கியோ), 1820-களில் சோற்றில் வினிகர் கலந்து மேலே மீனை அழுத்தித் தெருவில் விற்றார்கள். இப்போது நாம் சாப்பிடுவது அந்த அவசரச் சரக்கு. பாட்டியின் பானையில் ஒரே ராத்திரியில் புளித்தது; வினிகர்ச் செலவும் இல்லை, எறிந்ததும் இல்லை. மீந்த நீராகாரம் மாட்டுக்கு.

மகள் வீட்டிலேயே முயன்று பார்த்தாள், பொன்னி அரிசியில். உருட்ட உருட்ட உதிர்ந்தது. ஜப்பான் பாட்டன் என்றீர்களே என்று என்னைப் பார்த்தாள். பேரன் தாத்தாவைப் போலவே ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டுமென்று சட்டமா? கலப்பில் நம் வகையின் குணம்தான் சோற்றில் ஓங்கியிருக்கிறது. பிறகு இறக்குமதி அரிசி ஒரு கிலோ வாங்கி வந்தாள். பில்லை எனக்குக் காட்டவில்லை.

காட்டாவிட்டால் என்ன, எனக்குக் கணக்குத் தெரியும். எட்டுத் துண்டு ரோலில் இருக்கும் சோறு ஏறக்குறைய நூற்றிருபது கிராம். அரிசியாக ஐம்பது, ஐம்பத்தைந்து கிராம். நெல்லாக எண்பது கிராம் சொச்சம். 2025 குறுவைக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஆக அந்த டப்பாவில் இருக்கும் நெல்லின் விலை, எங்கள் ஊர்க் கணக்கில், இரண்டு ரூபாய். டப்பா ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவாக வருவது அபூர்வம். மீனுக்கு, கடல்பாசித் தாளுக்கு, வாடகைக்கு, ஏசிக்கு, டெலிவரிப் பையனுக்கு எல்லாம் எழுதிக்கொள்ளலாம், நியாயம்தான். நெல்லுக்கு எழுதும் இடம் வரும்போது மட்டும் பேனா மை தீர்ந்துவிடுகிறது.

ஜப்பானிலும் இந்தக் கணக்கு ஒருநாள் வெடித்தது. 2025 வசந்த காலத்தில் அங்கே அரிசி விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்கு. ஐந்து கிலோ பை 4,200 யென்னைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து விவசாய அமைச்சர் டாக்கு எட்டோ, தான் அரிசி விலைக்கு வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பதே வீட்டில் மிதமிஞ்சிக் கிடக்கிறது என்று மேடையில் பேசிவிட்டார். ஊர் கொந்தளித்து, மே மாதமே பதவி போயிற்று. எனக்கு அந்த மனிதர் மேல் அனுதாபம். 'எங்க வீட்டுல அரிசி காசு குடுத்து வாங்குனதில்ல' என்பது திருவாரூர்ப் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லும் முதல் வாசகம். அதற்காகச் சம்பந்தம் கூடிய வீடுகளை எனக்குத் தெரியும். பதவி போன வீடு ஒன்றுகூட இல்லை.

தீர்ப்பு இதுதான்: காசுக்குச் சோறு வேண்டுமென்றால் சிங்கப்பூர்ப் பெல்ட், மூன்று சுற்றுக்குள். சென்னையில் மத்தியானச் செட்டும் மீனும். சுஷியைத் தொட வேண்டாம். டப்பா தள்ளுபடி. இரண்டு கட்சியும் மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொல்லியிருக்கின்றன. மகன் செலவில் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு அறுப்பின்போது எங்கள் வயலைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இந்த ஐந்து கிலோ கதையைச் சொன்னேன். 2025 அக்டோபர் மழை. நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பை 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டிருந்த சமயம். நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் மூடி, சாலையோரம் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். ஜப்பானில் ஐந்து கிலோ அரிசி நம் பணத்துக்கு இரண்டாயிரத்து நானூறு, ஐந்நூறு என்றேன். "நம்ம ஒரு குவிண்டால் நெல்லு அவங்களுக்கு அஞ்சு கிலோ அரிசியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விரல்விட்டு ஏதோ போட்டார். விலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அது சரிங்க, அங்க ஈரப்பதம் எத்தன வரைக்கும் எடுக்குறாங்க?" என்றார்.